தத்தன் வைத்த மனம்

பெரியபுராணம் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. அதில் வரும் மெய்ப்பொருள் நாயனாரின் திருக்கோவலூர், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். போரில் பலமுறை தோற்ற முத்தநாதன் நீறு பூசிச் சடைமுடித்து, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்து அரண்மனைக்கு வருகிறான். வேடத்தைக் கண்ட காவலர் வழிவிடுகின்றனர். கடைவாயிலில் நின்ற தத்தன் மட்டும் அவன் உள்ளே புகுந்தது முதல் அங்கேயே மனம் வைத்திருக்கிறான்.

கணினி நச்சுநிரல்களைப் பிடிக்கும் கலையின் வரலாறும் இந்த இருவகைக் காவலின் வரலாறுதான். தொடக்கக்காலத் தடுப்பு மென்பொருள்கள் அடையாளம் பார்ப்பவை. அறியப்பட்ட நிரலின் ஒரு துண்டைக் குறித்துவைத்து, ஒவ்வொரு கோப்பிலும் அதைத் தேடின. 1990இல் மார்க் வாஷ்பர்ன் எழுதிய '1260' என்னும் வைரஸ் அம்முறையை உடைத்தது. அது தன் உடலை மறையாக்கம் செய்துகொண்டதோடு, மறையை அவிழ்க்கும் பகுதியையும் ஒவ்வொரு தொற்றிலும் மாற்றிக்கொண்டது. தேடுவதற்கு நிலையான துண்டு எதுவும் எஞ்சவில்லை. எனவே ஐயத்துக்குரிய நிரலைப் போலிக் கணினி ஒன்றுக்குள் ஓடவிட்டு, அது தன் கட்டை அவிழ்க்கும்வரை காத்திருந்து பார்க்கும் முறை பிறந்தது. வேடம் மாறலாம், செயலைத் தொடங்கும்போது ஏட்டுக்கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். ஆயினும் எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் ஒரே வழிமுறை இருக்க இயலாது என்பதை பிரெட் கோகன் 1984லேயே காட்டிவிட்டார்.

தமிழ்நாட்டு வாயிலிலும் இது நேர்ந்தது. கூடங்குளம் அணுமின் நிலையம் தாக்கப்பட்டதாக எழுந்த செய்தியை நிலையம் 2019 அக்டோபர் 29இல் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தன் கணினியமைப்பில் நச்சுநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4இலேயே அதற்குத் தகவல் வந்திருந்தது. 'டிட்ராக்' என ஆய்வாளர்கள் இனங்கண்ட அவ்வகை நிரல், தன் உண்மையான உடலை மறையாக்கம் செய்து வேறொரு நிரலுக்குள் ஒளித்து வருவது. அது புகுந்தது நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள கணினியில். முக்கியமான உள்வலையமைப்பு தனித்தே இருந்தது என்று கழகம் விளக்கியது.

தத்தன் முத்தநாதனைப் பிடித்தான். ஆனால் அதற்குள் கத்தி பாய்ந்துவிட்டது. வேடத்தை அன்றிச் செயலைப் பார்க்கும் காவல் கூர்மையானது. செயல் தொடங்கிய பின்னரே அது விழிக்கும் என்பது அதன் துயரம். ஆகவே கண் மட்டும் போதாது, பள்ளியறைக்கு வேறொரு கதவும் வேண்டும். கூடங்குளம் கற்பித்த பாடம் அதுவே.