எஃகுத் திரை (பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ்)

எஃகுத் திரை அல்லது ஸ்டீல் கர்ட்டன் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து அணியின் 1970களின் தடுப்பாட்டப் பிரிவைக் குறிக்கும் பெயராகும். குறிப்பாக அப்பிரிவின் முன்வரிசையில் ஆடிய ஜோ கிரீன், எல். சி. கிரீன்வுட், எர்னி ஹோம்ஸ், டுவைட் வைட் ஆகிய நால்வரையும் இப்பெயர் குறிக்கும். எஃகு ஆலைகளுக்குப் பெயர் பெற்ற பிட்ஸ்பர்க் நகரில், உள்ளூர் வானொலி நிலையமொன்று நடத்திய பெயர்சூட்டும் போட்டியிலிருந்து இப்பெயர் பிறந்தது. இத்தடுப்பாட்டத்தின் துணையுடன் ஸ்டீலர்ஸ் அணி 1974 முதல் 1979 வரையான ஆறு பருவங்களில் நான்கு முறை சூப்பர் போல் வாகையைச் சூடியது.

இப்பிரிவின் வீரர்களில் பெரும்பாலோர் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வின் வழியாகக் கல்லூரிகளிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டவர்கள். ஆகவே ஓர் அணி தடுப்பாட்ட வீரர்களை எவ்வாறு மதிப்பிட வேண்டும், டிராஃப்ட் வாய்ப்புகளை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இவ்வணி இன்றும் சுட்டப்படுகிறது.

டிராஃப்ட் முறை

தேசிய காற்பந்துச் சங்கத்தில் டிராஃப்ட் முறை 1936ஆம் ஆண்டு தொடங்கியது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலாவதாகவும், வாகை சூடிய அணி கடைசியாகவும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். அணிகளிடையே வலிமையைச் சமன்படுத்துவதே இதன் நோக்கமாகும். 1967 முதல் 1976 வரை டிராஃப்ட் 17 சுற்றுகளாக நடைபெற்றது. 1977இல் அது 12 சுற்றுகளாகவும், 1994இல் ஏழு சுற்றுகளாகவும் குறைக்கப்பட்டது. ஓர் அணி தனக்குரிய தேர்வு வாய்ப்பை வேறு அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக வீரர்களையோ வேறு வாய்ப்புகளையோ பெறலாம். எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாத வீரர், தம்மை விரும்பும் எந்த அணியுடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

பின்னணி

1933இல் தொடங்கப்பட்ட ஸ்டீலர்ஸ் அணி, தன் முதல் 39 பருவங்களில் இறுதிச்சுற்று ஆட்டம் ஒன்றில்கூட வெற்றி பெறவில்லை. டிராஃப்ட் வாய்ப்புகளை மூத்த வீரர்களுக்காகக் கொடுத்துவிடும் வழக்கம் இதற்கு ஒரு காரணமாகும். 1963ஆம் ஆண்டு டிராஃப்டில் முதல் ஏழு சுற்றுகளிலும் அவ்வணிக்கு வாய்ப்பே இருக்கவில்லை. 1965ஆம் ஆண்டின் முதற்சுற்று வாய்ப்பை சிக்காகோ பேர்ஸ் அணிக்குக் கொடுத்திருந்தது. சிக்காகோ அணி அதைக் கொண்டு டிக் பட்கஸ் என்ற லைன்பேக்கரைத் தேர்ந்தெடுத்தது. பட்கஸ் பின்னாளில் ஆட்ட வரலாற்றின் மிகச் சிறந்த தடுப்பாட்ட வீரர்களுள் ஒருவராகக் கருதப்பட்டார்.

1969இல் சக் நால் தலைமைப் பயிற்றுனராகப் பொறுப்பேற்றார். டிராஃப்ட் வழியாக இளைஞர்களைக் கொண்டு அணியைக் கட்டியெழுப்புவதே அவரது கொள்கையாக இருந்தது. வீரர் தேடல் பிரிவுக்கு உரிமையாளரின் மகன் ஆர்ட் ரூனி ஜூனியர் தலைமை வகித்தார். டிக் ஹேலி, பில் நன் ஆகியோர் அவருடன் பணியாற்றினர். பல அணிகள் செலவைப் பகிர்ந்துகொண்டு நடத்திய பிளெஸ்டோ என்ற வீரர் தேடல் அமைப்பின் அறிக்கைகளும் அவர்களுக்குக் கிடைத்தன.

முக்கியத் தேர்வுகள்

நாலின் முதல் தேர்வு 1969இல் நான்காவது இடத்தில் எடுக்கப்பட்ட ஜோ கிரீன் ஆவார். வடக்கு டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிஃபென்சிவ் டாக்கிலான அவரை பிட்ஸ்பர்க் ரசிகர்கள் அறிந்திருக்கவில்லை. அவர்கள் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற குவாட்டர்பேக் டெரி ஹான்ரட்டியையே எதிர்பார்த்தனர். "யார் இந்த ஜோ?" என்னும் பொருள்பட உள்ளூர் நாளிதழ் தலைப்பிட்டது. ஹான்ரட்டி இரண்டாம் சுற்றிலும் எஞ்சியிருந்ததால் அவரையும் ஸ்டீலர்ஸ் எடுத்துக்கொண்டது. அப்பருவத்தில் அணி ஓர் ஆட்டத்தில் மட்டுமே வென்று 13 ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் கிரீன் ஆண்டின் சிறந்த புதிய தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்றார்.

1975 சனவரியில் நடைபெற்ற ஒன்பதாம் சூப்பர் போலில் தொடக்கத் தடுப்பாட்டக்காரர்களாகக் களமிறங்கிய 11 பேரும் அணிக்கு வந்த வழி பின்வருமாறு:

- ஜோ கிரீன் – 1969, முதற்சுற்று
- ஜே. டி. தாமஸ் – 1973, முதற்சுற்று
- ஜாக் ஹாம் – 1971, இரண்டாம் சுற்று
- ஜாக் லாம்பர்ட் – 1974, இரண்டாம் சுற்று
- மெல் பிளவுன்ட் – 1970, மூன்றாம் சுற்று
- டுவைட் வைட் – 1971, நான்காம் சுற்று
- எர்னி ஹோம்ஸ் – 1971, எட்டாம் சுற்று
- எல். சி. கிரீன்வுட் – 1969, பத்தாம் சுற்று
- மைக் வாக்னர் – 1971, பதினோராம் சுற்று
- ஆன்டி ரசல் – 1963, பதினாறாம் சுற்று
- கிளென் எட்வர்ட்ஸ் – 1971, டிராஃப்டில் தேர்ந்தெடுக்கப்படாதவர்

இப்பட்டியலில் முதற்சுற்று வீரர்கள் இருவர் மட்டுமே. இன்றைய ஏழு சுற்று முறை அன்று இருந்திருப்பின் ஐவர் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க மாட்டார்கள். முதற்சுற்றில் காட்டும் திறமையை விடப் பிந்தைய சுற்றுகளில் காட்டும் உழைப்பே ஓர் அணியின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

கருப்பினக் கல்லூரிகளும் பில் நன்னும்

பிளவுன்ட், கிரீன்வுட், ஹோம்ஸ், எட்வர்ட்ஸ் ஆகிய நால்வரும் வரலாற்றுக் கருப்பினக் கல்லூரிகளில் பயின்றவர்கள். அக்காலத்தில் தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல கருப்பின வீரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அல்லது அப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருந்தன. இதனால் திறமை மிக்க வீரர்கள் பலர் சிறிய கருப்பினக் கல்லூரிகளில் ஆடினர். தொழில்முறை அணிகள் பல அக்கல்லூரிகளைப் போதிய அளவில் கவனிக்கவில்லை.

பில் நன் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கருப்பின மக்கள் செய்தித்தாளின் விளையாட்டு ஆசிரியராகப் பணியாற்றியவர். 1950 முதல் ஆண்டுதோறும் கருப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்கள் பட்டியலை வெளியிட்டு வந்தார். அதனால் அக்கல்லூரிகளின் பயிற்றுனர்கள் அனைவரும் அவருக்கு அறிமுகமானவர்கள். ஸ்டீலர்ஸ் அணி அக்கல்லூரிகளைப் புறக்கணிப்பதாக அவர் குறைகூறியதை அறிந்த டான் ரூனி, அவரையே அணியில் பணியாற்ற அழைத்தார். 1967இல் பகுதிநேரமாகச் சேர்ந்த நன், பின்னர் முழுநேரப் பணியாளரானார். வீரர்களைப் பற்றிய நம்பகமான தகவல் பிற அணிகளுக்குக் கிடைக்கும் முன்பே அவர் வழியாக ஸ்டீலர்ஸ் அணிக்குக் கிடைத்தது. 2014இல் காலமான நன், 2021ஆம் ஆண்டு தொழில்முறைக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

1974ஆம் ஆண்டு டிராஃப்ட்

1974இல் ஸ்டீலர்ஸ் தேர்ந்தெடுத்த முதல் ஐந்து வீரர்களுள் நால்வர் பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். முதற்சுற்றில் லின் சுவான், இரண்டாம் சுற்றில் ஜாக் லாம்பர்ட், நான்காம் சுற்றில் ஜான் ஸ்டால்வர்த், ஐந்தாம் சுற்றில் மைக் வெப்ஸ்டர் ஆகியோரே அந்நால்வர். மூன்றாம் சுற்று வாய்ப்பு முன்னரே கைமாறியிருந்தது. டிராஃப்ட் முடிந்த பின்னர், எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத டானி ஷெல் என்ற தென் கரோலினா மாநிலக் கல்லூரி வீரரும் அணியில் சேர்ந்தார். 51 முறை எதிரணியின் எறிபந்தை இடைமறித்த ஷெல், 2020ஆம் ஆண்டுத் தொகுதியில் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். ஒரே ஆண்டில் வந்த ஐந்து புதியவர்கள் இச்சிறப்பைப் பெற்றது வேறெந்த அணிக்கும் வாய்க்காத ஒன்றாகும்.

லாம்பர்ட்டின் தேர்வு மதிப்பீட்டு முறையை விளக்குவதற்கு ஏற்றது. ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள அவர், நடு லைன்பேக்கர் நிலைக்கு மிகவும் மெலிந்தவர் எனக் கருதப்பட்டார். கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியைக் காணச் சென்ற ஸ்டீலர்ஸ் குழுவினர், கரித்தூள் பரப்பிய வாகன நிறுத்தத் தரையில்கூட அவர் பாய்ந்து விழுந்து ஆடியதைக் கண்டு வியந்ததாகக் கூறப்படுகிறது. அணி அவரது எடையை விட ஆட்ட நுண்ணறிவையும் வேகத்தையும் முதன்மையாகக் கொண்டது. லாம்பர்ட் 1974இல் சிறந்த புதிய தடுப்பாட்ட வீரராகவும், 1976இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரராகவும் விருது பெற்றார்.

ஆட்டமுறை

1972இல் தடுப்பாட்டப் பயிற்றுனராகச் சேர்ந்த பட் கார்சன், பின்களத்தை இரு பாதுகாவலர்கள் பிரித்துக் காக்கும் கவர் 2 என்ற முறையை வளர்த்தார். முன்வரிசைப் பயிற்றுனர் ஜார்ஜ் பெர்லஸின் காலத்தில், கிரீன் எதிரணியின் சென்டருக்கும் கார்டுக்கும் இடைப்பட்ட வெளியில் சாய்வாக நிற்கத் தொடங்கினார். இதனால் இரு எதிராளிகள் அவரைத் தடுக்க நேர்ந்தது. அவருக்குப் பின்னால் லாம்பர்ட் தடையின்றிப் பந்தை நோக்கிச் சென்றார்.

ஒன்பதாம் சூப்பர் போலில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி பந்தை ஏந்தி ஓடி 17 யார்கள் மட்டுமே முன்னேறியது. 16–6 என முடிந்த அவ்வாட்டத்தில் எதிரணி பெற்ற ஆறு புள்ளிகளும் ஸ்டீலர்ஸின் உதைபந்தைத் தடுத்ததால் கிடைத்தவை. தடுப்பாட்டப் பிரிவு ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை.

1976ஆம் ஆண்டுப் பருவம் இப்பிரிவின் உச்சமாகக் கருதப்படுகிறது. முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்று, குவாட்டர்பேக் டெரி பிராட்ஷாவையும் காயத்தால் இழந்த அணி, எஞ்சிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. அவற்றுள் ஐந்தில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் கிட்டவில்லை. ஒன்பது ஆட்டங்களிலும் சேர்த்து 28 புள்ளிகளே கொடுக்கப்பட்டன. எனினும் அரையிறுதிக்கு நிகரான மாநாட்டு இறுதியாட்டத்தில், முன்னணி ஓட்டக்காரர்கள் இருவரும் காயமுற்ற நிலையில், ஓக்லாந்து ரைடர்ஸ் அணியிடம் 24–7 எனத் தோற்றது. சிறந்த தடுப்பாட்டம் மட்டும் வாகையை உறுதிசெய்யாது என்பதற்கு இப்பருவம் எடுத்துக்காட்டாகும்.

1978இல், எறிபந்தைப் பெற ஓடும் வீரரை ஐந்து யார்களுக்கு அப்பால் தடுப்பாட்டக்காரர் மறிக்கலாகாது என விதி மாற்றப்பட்டது. இவ்விதி கோர்னர்பேக் மெல் பிளவுன்ட்டின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1975இல் 11 முறை எறிபந்தை இடைமறித்து ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரராகத் தேர்வான பிளவுன்ட், விதி மாறிய பின்னரும் தொடர்ந்து சிறப்பாக ஆடினார்.

மதிப்பீட்டுச் சிக்கல்கள்

தடுப்பாட்ட வீரர்களை எண்களைக் கொண்டு மதிப்பிடுவது கடினம். குவாட்டர்பேக்கைப் பந்துடன் வீழ்த்தும் சாக் எண்ணிக்கையைச் சங்கம் 1982 முதலே தனி வீரர்களுக்கு அதிகாரபூர்வமாகக் கணக்கிடுகிறது. எஃகுத் திரையின் முன்வரிசை வீரர்கள் அதற்கு முன்பே ஆடியவர்கள். மேலும் இரு எதிராளிகளைத் தன்பால் ஈர்க்கும் கிரீனின் பணி எந்தப் பட்டியலிலும் இடம்பெறாது. அதன் பயன் அருகிலுள்ளவரின் கணக்கில் சேரும். மாறாக, பல திறமையாளர்கள் நிறைந்த அணியில் ஒருவரின் தனிப் பங்கு மறைந்துபோவதும் உண்டு. ஆறு முறை புரோ போலுக்குத் தேர்வான கிரீன்வுட், பலமுறை இறுதிப் பட்டியலில் இடம்பெற்றும், 2013இல் காலமாகும் வரை புகழ் மண்டபத்தில் சேர்க்கப்படவில்லை.

ஸ்டீலர்ஸின் முடிவுகள் அனைத்தும் சரியாக அமைந்துவிடவில்லை. 1975இல் முதற்சுற்றில் எடுத்த டேவ் பிரவுன் என்ற கோர்னர்பேக்கை, அடுத்த ஆண்டே புதிய அணிகளுக்கான தேர்வில் சியாட்டில் சீஹாக்ஸ் அணியிடம் இழந்தது. அவர் தம் வாழ்நாளில் 62 முறை எறிபந்தை இடைமறித்தார்.

வீழ்ச்சியும் 1983ஆம் ஆண்டுத் தேர்வும்

கிரீன் 1981 பருவத்துடனும், ஹாம் 1982 பருவத்துடனும், பிளவுன்ட் 1983 பருவத்துடனும், லாம்பர்ட் 1984 பருவத்துடனும் ஓய்வுபெற்றனர். 1974க்குப் பிந்தைய டிராஃப்டுகளில் இவர்களுக்கு இணையானவர்கள் கிடைக்கவில்லை. கருப்பினக் கல்லூரிகளைப் பிற அணிகளும் கவனிக்கத் தொடங்கியிருந்தன. தொடர்ந்து வென்றதால் தேர்வு வரிசையில் ஸ்டீலர்ஸின் இடமும் பின்தள்ளப்பட்டது.

1983இல் 21ஆவது இடத்தில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோது, பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்து உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடிய குவாட்டர்பேக் டான் மரினோ எஞ்சியிருந்தார். அணி அவரை விடுத்து, டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் முன்வரிசை வீரர் கேப் ரிவேராவைத் தேர்ந்தெடுத்தது. கிரீனைக் கொண்டு தொடங்கியது போன்று மீண்டும் தடுப்பாட்ட முன்வரிசையிலிருந்து அணியைக் கட்டுவதே நாலின் எண்ணமாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வாகன விபத்தில் சிக்கிய ரிவேரா, இடுப்புக்குக் கீழ் செயலிழந்து ஆட்ட வாழ்வை இழந்தார். 27ஆவது இடத்தில் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்குச் சென்ற மரினோ, எறிபந்துச் சாதனைகள் பலவற்றைப் படைத்தார். விபத்தை எவரும் முன்னறிந்திருக்க இயலாது. ஆகவே ஒரு தேர்வின் விளைவை அம்முடிவின் தரத்திலிருந்து பிரித்துக் காண வேண்டும் என்ற வாதத்தில் இந்நிகழ்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

மரபு

எஃகுத் திரையின் தடுப்பாட்டக்காரர்களுள் கிரீன் 1987இலும், ஹாம் 1988இலும், பிளவுன்ட் 1989இலும், லாம்பர்ட் 1990இலும் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டனர். சக் நால் 1993இல் இச்சிறப்பைப் பெற்றார். 1979 பருவத்தில் வாகை சூடிய அணியில் இருந்த எவரும் அதற்கு முன் வேறு தேசிய காற்பந்துச் சங்க அணிக்காக ஆடியதில்லை. முன்வரிசை நால்வருள் வைட், ஹோம்ஸ் ஆகிய இருவரும் 2008இல் காலமாயினர். கிரீன் அணிந்த 75ஆம் எண்ணை 2014இல் ஸ்டீலர்ஸ் அணி வேறெவருக்கும் வழங்குவதில்லை என முறைப்படி அறிவித்தது.