பூட்டுப் படம்: ஒரு திருத்தம்



2022-ஆம் ஆண்டுப் பொதுக்குழுவில் இணையத்தில் பணம் கட்டுவது பற்றி நான் பத்து நிமிடம் பேசியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். முப்பத்தைந்து வருடம் வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் என்பதால் செயலாளர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். நானும், "முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தைரியமாகக் கட்டலாம்" என்று சொன்னேன். கைகூடத் தட்டினார்கள்.

நான் சொன்னது தவறு. அதைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பிளாக்கில் மூன்றாம் மாடியில் இருக்கும் அம்மா ஒருவர் (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்) கோயில் ஊர் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போக விடுதி தேடினார். தேடலில் முதலில் வந்த பக்கத்தைத் திறந்தார். விடுதியின் படம், அறை வாடகை, ஒரு போன் நம்பர் எல்லாம் இருந்தன. அவர் போனில் உள்ள பிரவுசரில் பூட்டுப் படமும் இருந்தது. 9,600 ரூபாய் முன்பணம் அனுப்பினார். அங்கே போய் இறங்கிய பிறகுதான், விடுதி உண்மை, அந்தப் பக்கம் பொய் என்று தெரிந்தது. ஊர் திரும்பியவர் லிஃப்ட்டில் என்னைப் பார்த்து, "பூட்டு இருந்துச்சே சார், நீங்கதானே சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாவது படிக்கும் என் பேத்திக்கு அந்த வாரம் கணினிப் பாடத்தில் தேடுபொறி, பிரவுசர், இணையப் பாதுகாப்பு. "பூட்டு என்றால் என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டேன். தன் மடிக்கணினியில் குரோமைத் திறந்து காட்டினாள். "இதுல பூட்டே இல்லையே தாத்தா!" உண்மைதான், அதைக் காணோம். எங்கே போயிற்று என்று இருவருமாகத் தேட உட்கார்ந்தோம். ஒரு பூட்டுக்கு இவ்வளவு கதை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இணையத்தில் உள்ள பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலையை ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் முன்மொழிந்தார். மறு ஆண்டே முதல் பிரவுசரையும் அவரே எழுதினார். விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு அது. அங்கே பணம் இல்லை, ஆகவே பூட்டும் தேவைப்படவில்லை. 1993-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'மொசைக்' என்ற பிரவுசர் வந்து, எழுத்தோடு படமும் ஒரே பக்கத்தில் தெரிந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் பிறகு நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இணையத்தில் கடை வைக்கலாம், கார்டு நம்பர் வாங்கலாம் என்ற எண்ணம் அங்கே வலுத்தது.

அங்கேதான் சிக்கல். நீங்கள் தட்டும் எழுத்து கடைக்காரருக்குப் போகும் வழியில் பல கணினிகளைக் கடக்கிறது. தபால் கார்டு மாதிரி, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பும் முறைதான் எஸ்.எஸ்.எல். நெட்ஸ்கேப்பில் இதற்கு முன்னின்றவர் எகிப்தில் பிறந்த தாஹிர் எல்காமல். அப்போது அந்த பிரவுசரின் கீழ் மூலையில் பூட்டு இல்லை, ஒரு சாவிப் படம். உறை போடாத பக்கத்தில் சாவி உடைந்திருக்கும், உறை போட்ட பக்கத்தில் முழுசாக இருக்கும். பூட்டுப் படம் பிறகு வந்தது.

எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த மாதம் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், ஐயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர், நெட்ஸ்கேப்பின் உறையைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். உறையின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சாவி செய்த விதத்தில்தான் ஓட்டை. ஒவ்வொரு முறையும் யாராலும் ஊகிக்க முடியாத ஒரு எண்ணிலிருந்து சாவி பிறக்க வேண்டும். நெட்ஸ்கேப்போ அந்த எண்ணை அப்போதைய நேரத்திலிருந்தும், கணினிக்குள் ஓடும் வேலைகளுக்குக் கொடுக்கப்படும் வரிசை எண்களிலிருந்தும் எடுத்தது. லாக்கர் சாவியில் அன்றைய தேதியையே எண்ணாக வெட்டிவைப்பதற்குச் சமம் இது. அந்தக் காலத்துக் கணினியிலேயே சில சமயம் ஒரு நிமிடத்துக்குள் சாவியைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. அதை அவர்கள் ஒளிக்கவில்லை, வெளியே சொன்னார்கள். நெட்ஸ்கேப்பும் திருத்தியது. "படிக்கிற பசங்களா செஞ்சாங்க?" என்று பேத்தி மூன்று முறை கேட்டாள்.

உறை பலமாக இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு அனுப்புகிறோம் என்பதும் தெரிய வேண்டும். அதற்காக 'சான்றிதழ்' கொடுக்கும் நிறுவனங்கள் வந்தன. ஆரம்பத்தில் அவை கம்பெனியின் பதிவுப் பத்திரங்களைக் கேட்டுப் பார்த்துத்தான் கொடுத்தன, காசும் வாங்கின. நாம் நடப்புக் கணக்கு திறக்க என்னென்ன கேட்போமோ அப்படி என்று வையுங்கள். பூட்டுக்கு மரியாதை வந்தது இந்தக் காலத்தில்தான். என் மனதில் பதிந்த பூட்டும் இதுவே.

பிறகு முகவரி யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் சரிபார்த்துக் கொடுக்கும் மலிவுச் சான்றிதழ்கள் வந்தன. 2015 இறுதியில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற லாப நோக்கில்லாத அமைப்பு அவற்றை இலவசமாகவே பொதுமக்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. இதைக் குறை சொல்ல முடியாது. எல்லாப் பக்கமும் உறையில் போவது நல்லதுதானே? 2018 ஜூலையிலிருந்து குரோம் உறை போடாத எல்லாப் பக்கத்தையும் 'பாதுகாப்பற்றது' என்று குறித்தது. இந்த குரோமை உருவாக்கும் பணிக்கு முன்பு பொறுப்பாக இருந்தவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆக, நல்லவன் கடையிலும் பூட்டு, திருடன் கடையிலும் பூட்டு. பக்கத்தில் பூட்டு இருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2019 ஜூனிலேயே எச்சரித்திருக்கிறது. நான் 2022-ல் உங்களிடம் நேர் எதிராகப் பேசியிருக்கிறேன்.

கடைசியில் 2023 செப்டம்பரில் குரோம் பூட்டையே எடுத்துவிட்டது. அதன் இடத்தில் இப்போது இரண்டு சிறு கோடுகளும் வட்டங்களும் இருக்கின்றன. கூகுள் சொன்ன காரணம், அவர்கள் நடத்திய ஆய்வில் பூட்டின் அர்த்தத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம்தான். மீதி 89-ல் நானும் ஒருவன் என்பதில் அல்ப ஆறுதல். வேறு பிரவுசர்களில் பூட்டு இன்னும் உண்டு. உறை ஒட்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். உறையை வாங்கிப் பிரிப்பவர் யோக்கியரா என்று அது சொல்வதில்லை.

தேடலில் முதலில் வந்ததே என்று சிலர் கேட்கலாம். அதற்கும் கதை உண்டு. கூகுள் 1998-ல் கிளம்பியபோது, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிறவை எப்படிப்பட்டவை என்று பார்த்து வரிசைப்படுத்தியது. அதே ஆண்டில் 'கோடூ' என்ற தளம், யார் அதிகம் பணம் தருகிறார்களோ அவர்களே முதலிடம் என்று ஏலம் போட்டது. 2000-ல் கூகுளும் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் சிறு நிறுவனங்களும் போடக்கூடிய விளம்பரம் விற்க ஆரம்பித்தது. விளம்பரத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2002-ல் தேடுபொறிகளுக்குக் கடிதம் எழுதியது. இன்றும் முதல் வரிசையில் 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக இருக்கும். அந்த அம்மா திறந்த பக்கத்திலும் அது இருந்தது. கண்ணாடி போடாமல் எனக்கே தெரியவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முகவரியைத்தான். நம் வீட்டு முகவரியைப் போலத்தான் இதுவும்: இடது பக்கம் கதவு எண், வலது பக்கம் போகப் போக ஊர். கதவில் 'கலெக்டர் ஆபீஸ்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், ஊரை மாற்ற முடியாது. முதல் சாய்வுக்கோட்டுக்கு இடது பக்கத்தில் கடைசியாக வரும் இரண்டு மூன்று சொற்களே சொந்தக்காரர் யார் என்று காட்டும். அதற்கு முன்னால் எந்தப் பிரபல பெயர் இருந்தாலும் அது வெறும் பலகை.

வங்கிகளுக்கு இப்போது ஒரு நல்ல ஏற்பாடு நடந்திருக்கிறது. வங்கிகள் தங்கள் தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரியை வழங்கும் பொறுப்பு ஹைதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கி நிறுவிய ஐ.டி.ஆர்.பி.டி.யிடம் இருக்கிறது. வங்கி அல்லாதவர் அதை வாங்க முடியாது. பழைய காலத்து ஆவண சோதனை வேறு வழியில் திரும்பி வந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. விடுதிக்கும், கூரியருக்கும், கேஸ் ஏஜென்சிக்கும் இப்படி ஒரு தனி வாசல் இல்லை. அங்கே ரசீதிலோ பில்லிலோ அச்சடித்த நம்பரையே நம்புங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் பிடித்தால்தான் நிறுத்திவைக்க முடியும். அந்த அம்மா வீட்டில் யாரும் திட்டிவிடுவார்களோ என்று இரண்டு நாள் சொல்லாமல் இருந்துவிட்டார். 9,600 ரூபாய் இன்னும் திரும்பவில்லை.

வங்கியில் லெட்ஜரில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, இனிஷியல் போட வேண்டும். 2022 பொதுக்குழு மினிட்ஸ் புத்தகத்தில் என் பேச்சுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு திருத்தம் எழுதச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். இனிஷியல் நான் போடுகிறேன்.