ஆகஸ்டு விழாக்களில் நாய்கள்

கோடையின் கொடிய நாள்களை விண்மீனோடு சேர்த்துப் பேசுவது நமக்குப் புதிதன்று. நாம் அக்கினி நட்சத்திரம் என்கிறோம். உரோமர் தம் கடுங்கோடையை நாயின் பெயரால் வழங்கினர். விடியலுக்கு முன் கீழ்வானில் சிரியஸ் என்னும் நாய்மீன் மீண்டும் தோன்றும் பருவம் அது. அப்பருவத்தில் நாய்களுக்கு வெறி பிடிக்கும் என்று அஞ்சினர். பிளினியும் அவ்வாறே எழுதிவைத்தார். அக்காலத்தில் விழாக்கூட்டத்துக்கு நாயை அழைத்துச் செல்லலாமா? உரோமின் ஆகஸ்டு மாதத்தில் இதற்கு மூன்று விடைகள் இருந்தன.

முதல் விடை கொடியது. கௌல் இனத்தார் கி.மு. 390இல் உரோமுக்குள் புகுந்து, இரவில் கேப்பிடோலியக் குன்றின்மேல் ஏறினர் என்பது மரபு. ஜூனோ தெய்வத்தின் வாத்துகள் கூவி வீரரை எழுப்பின, நாய்களோ குரைக்கவில்லை. இதன்பொருட்டு ஆண்டுதோறும் நாய்களை எல்டர் மரத்தில் உயிரோடு அறைந்தனர். அவ்விடம் யுவெண்டாஸ், சும்மானுஸ் கோயில்களுக்கு இடையில் இருந்தது என்கிறார் பிளினி. நாயைக் கழுவேற்றியபின் வாத்தைப் பல்லக்கில் விலையுயர்ந்த விரிப்பின்மேல் அமர்த்தி ஊர்வலம் விட்டதைப் புளூட்டார்க் குறிக்கிறார். நாள் ஆகஸ்டு 3 என்பது பிற்கால ஆசிரியர் லைடஸ் தரும் செய்தி. பிளினியின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு, அதாவது, குரைக்கத் தவறிய நாய்கள் மடிந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தண்டனை ஓயவில்லை! அன்றிரவு உறங்கிய காவலர்களின் கதி என்ன? லிவியின் வரலாற்றில், ஒரே ஒரு காவலன் குன்றிலிருந்து உருட்டப்பட்டான். அத்தோடு கணக்குத் தீர்ந்தது. மனிதனுக்கு ஒருமுறை, நாய்க்கு ஆண்டுதோறும். இந்நீதியை நம்மால் ஏற்க இயலவில்லை.

ஆகஸ்டு 12 ஹெர்குலிஸுக்கு உரிய நாள். மாட்டுச் சந்தையில் இருந்த அவர் கோயிலுக்குள் ஈயும் நாயும் நுழைவதில்லை என்று நம்பினர். இது வெறும் விலக்கு, தண்டனை இல்லை.

மறுநாளே காட்சி மாறிவிடும். ஆகஸ்டு 13 டயானாவின் திருநாள். உரோமுக்குத் தென்கிழக்கே நேமி ஏரிக்கரையில் அவளுடைய சோலை இருந்தது. பூசகனைக் கொன்றவனே அடுத்த பூசகனாகும் அவ்விடத்து வழக்கத்திலிருந்துதான் ஃப்ரேசர் 1890இல் வெளியிட்ட ‘தி கோல்டன் பௌ’ தொடங்குகிறது. அந்தக் குருதிக் கதையின் புகழில் நாய்களை நாம் மறந்துவிட்டோம். பெண்கள் கையில் தீப்பந்தம் ஏந்திச் சோலைக்குச் சென்றனர். அன்று டயானா தன் வேட்டைநாய்களுக்கு மாலை சூட்டி, காட்டு விலங்குகளையும் அஞ்சாது திரியவிடுகிறாள் என்று பாடுகிறார் ஸ்டாடியஸ். அவருக்கு முந்திய கிராட்டியஸ் என்னும் புலவரும், டயானாவின் வனச் சடங்கில் இளநாய்கள் அணிசெய்யப்பட்டதையும், படைக்கலங்கள் மலர்களிடையே ஓய்ந்து கிடந்ததையும் காட்டுகிறார். வெறிக்கு அஞ்சிய அதே பருவத்தில், வேட்டையாடுவோர் தம் நாய்களை ஒதுக்கவில்லை. விழாவுக்கு உரியவர்களாகவே கருதினர்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அரியன் எழுதிய வேட்டைநூல் இன்னும் தெளிவானது. கெல்ட் மக்களுள் சிலர் வேட்டைக்கென ஓர் உண்டியல் வைத்திருந்தனர். பிடிபட்ட முயலுக்கு இரண்டு ஓபல், நரிக்கு ஒரு திராக்மா, மானுக்கு நான்கு திராக்மா என்று அதில் இடுவார்கள். ஆறு ஓபல் ஒரு திராக்மா. முயல்களை அழிக்கும் நரி பகைவன் என்பதால் அதற்கு விலை கூடுதல்! ஆண்டுக்கொருமுறை, டயானாவுக்கு இணையான ஆர்டெமிஸின் பிறந்தநாளன்று, அதைத் திறந்து ஆடோ, தொகை போதுமானால் கன்றோ வாங்கிப் பலியிட்டு விருந்துண்பர். நாய்களும் உண்ணும், அவற்றுக்கு மலர்மாலையும் உண்டு. தாம் ஓடி ஈட்டிய பணத்தில் நாய்கள் பங்கு பெற்ற விருந்து அது என்றே நாம் கொள்கிறோம்.

அரியன் கப்படோக்கியாவின் ஆளுநராக இருந்தவர். ஹோர்மே என்ற பெண்நாய் ஒன்றை வளர்த்தார். அவர் உடற்பயிற்சிக் களத்துக்குச் சென்றால் அதுவும் உடன்செல்லும். பயிற்சி முடியும்வரை அருகில் அமர்ந்திருக்கும். திரும்புகையில் முன்னே ஓடி, அவர் வழி மாறிவிட்டாரோ என்று அடிக்கடி பின்னால் பார்க்கும். அதன் பெயர் பிற்காலத்தாருக்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே அதை நூலில் எழுதிவைப்பதாக அவர் சொல்கிறார்.