வளவு என்றொரு சொல்

அயல்நாட்டு மாணவரோடு நம் மாணவரை இணையவழி உரையாடச் செய்யலாம் என்றதும் கல்லூரிகளில் முதலில் எழும் கேள்விகள் இரண்டு: கருவிகள் உண்டா? பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வருமா? இத்தகைய முயற்சிகளின் வரலாறோ வேறு கேள்விகளை முன்வைக்கிறது.

இதன் வேர் இணையத்துக்கு முந்தியது. தென் பிரான்சின் மலையூரொன்றில் பள்ளி ஆசிரியராக இருந்த செலஸ்தேன் ஃப்ரெனே, தம் மாணவர் எழுதி அச்சிட்ட தாள்களை 1926இல் பிரித்தானிக் கடற்கரையூர்ப் பள்ளியொன்றுக்கு அனுப்பினார். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. நாடு ஒன்று, பாடமொழியும் ஒன்று, வாழ்க்கைகள்தாம் வேறு.

1990களில் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தார் மின்னஞ்சல்வழி இணைக்கற்றலை வளர்த்தனர். இருவர் எழுதிக்கொள்ளும்போது இருவர் மொழிக்கும் சரிபாதி இடம் என்பது அதன் விதி. 1997இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜில்பெர்ட் ஃபுர்ஸ்டன்பெர்க்கும் தோழர்களும் தொடங்கிய 'குல்தூரா' இன்னும் ஒருபடி மேலே சென்றது. அமெரிக்க மாணவர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மாணவர் பிரெஞ்சிலும், ஒரே சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுந்தவற்றை எழுதினர். பட்டியல்கள் அருகருகே வைக்கப்பட்டன. 'தனிமனிதவாதம்' என்ற சொல் அங்கே சுதந்திரத்தையும் இங்கே தன்னலத்தையும் நினைவூட்டியது. ஏன் என்ற கேள்வியிலிருந்து உரையாடல் பிறந்தது.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் இதற்கெனத் தனி மையம் கண்டது. 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் இம்முறை பல நாடுகளில் பரவியது. பரவிய வேகத்தில் ஆங்கிலமே பொதுமொழியாகும் போக்கும் வலுத்தது. ஆங்கிலத்தில் தயங்கும் மாணவர் அங்கே கேட்பவராகவே நின்றுவிடுவார். தம் ஊரைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் சொல்லப்படாமலே போகும்.

புதுக்கோட்டைக் கல்லூரிகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையோடும் தமிழிலேயே இதைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். 'வளவு' என்றால் திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் வீட்டின் உட்பகுதி. யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சூழ்ந்த நிலம். 'தோட்டம்' நமக்குக் கிணற்றுப் பாசனம். மலேசியத் தமிழருக்கு ரப்பர்க்காடும் மூதாதையரின் கூலி வாழ்வும். மொழி ஒன்றாயிருப்பதாலேயே இவ்வேறுபாடுகள் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். யாழ்ப்பாணத்தோடு நேர வேறுபாடே இல்லை. கோலாலம்பூர் இரண்டரை மணிநேரம் முந்தியது. பருவத் தொடக்கத்துக்கு முன்பே ஆசிரியர்கள் கூடி, இரு தரப்பும் வகுப்பில் இருக்கும் ஆறு வாரங்களையும் இருபது சொற்களையும் முடிவு செய்துகொண்டால் போதும்.