டாக்ஸில்: கண்டுபிடிச்சது ஜெருசலேம், கடிவாளம் கலிபோர்னியா

1/ கீமோ வார்டில் சிவப்பா ஒரு மருந்து சொட்டுச் சொட்டா இறங்குறதைப் பார்த்திருப்பீங்க. அது டாக்ஸோரூபிசின். புற்றுநோய்க்கு நல்லா வேலை செய்யும். ஆனா மொத்த அளவு கூடக்கூட இதயத் தசையைக் கெடுக்கும். இதுக்கு வழி தேடினப்போ வந்ததுதான் டாக்ஸில். அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதிச்ச முதல் நானோ மருந்து. அதோட காப்புரிமைக் கதைதான் இந்த த்ரெட்.

2/ 1980கள். ஹீப்ரு பல்கலைக்கழகப் பேராசிரியர் பாரென்ஹோல்ஸும், ஹடாசா மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவர் கபிஸோனும் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சுக் கொடுத்துப் பார்த்தாங்க. முதல் வடிவம் நோயாளிகள்கிட்ட எடுபடலை. குமிழிகளைக் கல்லீரல் சீக்கிரமே பிடிச்சு ஒதுக்கிடுச்சு.

3/ அப்புறம் ரெண்டு விஷயம் கைகொடுத்தது.
ஒண்ணு, அம்மோனியம் சல்பேட் உதவியால மருந்தைக் குமிழிக்குள்ள இழுத்துப் பூட்டி வைக்கிறது.
இன்னொண்ணு, குமிழிக்கு மேல 'பெக்' என்ற பாலிமர் போர்வை. இதைப் போர்த்தினா கல்லீரல் கண்ணுல படாம நாள்கணக்கா ரத்தத்துல சுத்தும். குமிழியோட அளவு சுமார் 100 நானோமீட்டர்தான்.

4/ இப்போ உரிமைக்கு வருவோம். பூட்டும் முறைக்கான காப்புரிமை, பல்கலைக்கழகத்தோட யிஸ்ஸூம் நிறுவனத்தின் பேர்ல. போர்வைக்கான காப்புரிமை, கலிபோர்னியாவின் லிப்போசோம் டெக்னாலஜி கம்பெனி பேர்ல. பெரிய சோதனைகளுக்கான பணமும் அந்தக் கம்பெனிகிட்டதான். 1995 நவம்பர்ல அனுமதி கிடைச்சது. அந்தக் கம்பெனி சீக்வஸ்னு பேர் மாறி, ஆல்ஸாகிட்ட போய், 2001ல ஜான்சன் அண்ட் ஜான்சன் கைக்கு வந்துடுச்சு.

5/ ஜெருசலேமுக்கு என்ன மிஞ்சுச்சு? ஒரு காப்புரிமையை விட்டுக்கொடுக்காம வெச்சிருந்ததால ராயல்டி வந்தது. ஆனா என்ன விலை, எந்த ஆலையில தயாரிப்பு என்பதெல்லாம் கம்பெனியோட முடிவு.

6/ அந்த முடிவோட விலை 2011ல தெரிஞ்சது. டாக்ஸிலைத் தயாரிச்சுக் கொடுத்த ஒஹாயோ ஆலை உற்பத்தியை நிறுத்துச்சு. மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு. 2012 பிப்ரவரியில எஃப்.டி.ஏ. தற்காலிகமா இறக்குமதிக்கு அனுமதிச்ச மாற்று எது தெரியுமா? நம்ம இந்தியாவின் சன் பார்மா தயாரிச்ச லிப்போடாக்ஸ்!

7/ காப்புரிமைப் பத்திரத்துல கண்டுபிடிச்சவர் பேர் ஒரு இடத்துல, உரிமையாளர் பேர் வேற இடத்துல இருக்கும். 'நம்ம விஞ்ஞானி சாதனை'ன்னு செய்தி வந்தா கைதட்டுங்க. கூடவே அந்த ரெண்டாவது பேரையும் தேடிப் படிங்க. நாளைக்கு அந்த மருந்து உங்க வார்டுக்கு வருமா, என்ன விலைக்கு வரும்னு தீர்மானிக்கப்போறது அந்தப் பேர்தான்.