ரெக்கார்டு பட்டன் இல்லாத டெக்கு

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

1989. மதுராந்தகம் பக்கம் எங்கள் கிராமம். சென்னைத் தொலைக்காட்சியின் 'வயலும் வாழ்வும்' ஆட்கள் ஒருநாள் ஜீப்பில் வந்து, அப்பாவை வரப்பில் நிற்க வைத்து, நாற்றங்கால் பற்றிப் பேசச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒளிபரப்பாகும் நாளையும் சொல்லிவிட்டார்கள். அப்பா நேரே மதுராந்தகம் போய் டெக்கு வாடகைக்கு எடுத்து வந்தார், கூடவே ஒரு காலி கேசட்.

பக்கத்து வீட்டு சாலிடேர் டிவியில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்த டெக்கில் ரெக்கார்டு பட்டனே கிடையாது! அது வி.சி.பி. போட்டால் ஓடும், பிடித்து வைக்காது. அப்பா திரையில் இரண்டு நிமிஷம் வந்தார். தெருவே பார்த்தது. அத்தோடு போயிற்று.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பட்டனுக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. சோனி பீட்டாமேக்ஸ் வெளிவந்தது 1975-ல். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியதும் அதே வருஷம், ஆகஸ்ட் 15. மறு வருஷம் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். வந்தது. யுனிவர்சலும் டிஸ்னியும் சும்மா இருக்கவில்லை, 'வீட்டில் பதிவு செய்வது திருட்டு' என்று 1976-ல் சோனி மேல் வழக்குப் போட்டார்கள். 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்து வைப்பது குற்றமில்லை. ஐந்துக்கு நாலு. ஒரே ஒரு நீதிபதி மனசு மாறியிருந்தால் கதையே வேறு.

நம்ம ஊர்ச் சட்டமும் தாராளம்தான். 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கு ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. ஆக, சட்டம் தடுக்கவில்லை. தடுத்தது மெஷின். டெக்கு என்றால் விடிய விடிய மூணு படம், அவ்வளவுதான். வாடகைக்கு விடுகிறவருக்குப் படம் ஓடினால் போதும், வி.சி.பி. விலையும் கம்மி. பட்டன் வேண்டுமா வேண்டாமா என்று எங்களை யார் கேட்டார்கள்?

இந்தக் கடுப்போடுதான் 2005-ல் எலக்ட்ரானிக் சிட்டியில் ஆணி புடுங்க வந்தேன். வீடு ஆனேக்கல்லில். முதல் மாசச் சம்பளத்தில் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு டிவி ட்யூனர் கார்டு வாங்கினேன். பிடி878 சிப். கேபிள்காரர் வயரை நேரே கம்ப்யூட்டரில் செருகி, லினக்ஸில் மித்டிவி போட்டேன். மித்டிவியும் மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டரும் 2002-ல் வந்தவை. நேரலையைப் பாதியில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு வந்து தொடரலாம். மந்திரம் ஒன்றுமில்லை. வருகிற படத்தை முதலில் ஹார்டு டிஸ்கில் எழுதிவிட்டு, அங்கிருந்து எடுத்துத்தான் நமக்குக் காட்டும். அதாவது 'நேரலை'யே ஒரு ரெக்கார்டிங்தான்! தங்கமணிக்கு இதெல்லாம் மொக்கை, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதுவும் நிலைக்கவில்லை. கேபிளை டிஜிட்டலாக்கச் சட்டம் வந்தது. சென்னைக்கு 2012 அக்டோபர் 31, பெங்களூருக்கு 2013 மார்ச் 31 என்று கெடு. செட்டாப் பாக்ஸ் வந்தபின் கார்டில் ஒரே புள்ளிதான். சிக்னல் முழுக்கப் பூட்டு, சாவி பாக்ஸுக்குள். பாக்ஸின் ஏ.வி. வயரைக் கார்டில் செருகி, சேனல் மாற்ற அதன் கண்ணுக்கு முன்னால் ஒரு இன்ஃப்ரா ரெட் பல்பை ஒட்டி, கம்ப்யூட்டரையே ரிமோட்டாக்கிப் பார்த்தேன். பல்பு நகர்ந்தால் ஜி.டி. நாயுடு பற்றிய நிகழ்ச்சிக்குப் பதில் டெலிஷாப்பிங் பதிவாகியிருக்கும்.

சரி, பதிவு செய்கிற பாக்ஸே வாங்குவோம் என்று ஒன்று வாங்கினேன். ரெக்கார்டு பட்டன் சிவப்பாக, அழகாக இருந்தது. அம்மா பழைய பாட்டு நிகழ்ச்சிகளாகச் சேர்த்து வைத்தார். மூன்று வருஷம் கழித்துப் பாக்ஸ் பழுது, புதுசு கொடுத்தார்கள். பழைய டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. பதிவு அந்தப் பாக்ஸில் மட்டும்தான் ஓடுமாம். பட்டன் நம்மிடம், சாவி அவர்களிடம். 1989-ஐவிட இது மோசமாகப் பட்டது.

கடைசியில் கை கொடுத்தது அப்பாவைக் காட்டிய அதே தூர்தர்ஷன்தான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கிய இலவச டிஷ், இப்போது ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷனின் தமிழ் சேனல் அதில் பூட்டில்லாமல் வருகிறது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனதே, அதுதான். மாடியில் 60 செ.மீ. டிஷ், 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15-ஐப் பார்த்து. ஆனேக்கல்லிலிருந்து அது தென்கிழக்கில், சுமார் 66 டிகிரி உயரத்தில். கீழே யு.எஸ்.பி. டிவிபி-எஸ்2 ட்யூனர், ராஸ்பெர்ரி பை, அதில் டிவிஹெட்எண்ட், திரைக்குக் கோடி. ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒரு ஜிபியைச் சுற்றி வரும், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

இதெல்லாம் வேலையத்த வேலையா? ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்றொரு அம்மணி, 2012-ல் இறக்கும்வரை முப்பது வருஷத்துக்கு மேல் டிவி செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்துகொண்டே இருந்தார். சுமார் 70,000 கேசட். அவரையும் கிறுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று அந்தக் கேசட்டுகள் இண்டர்நெட் ஆர்க்கைவில்.

அப்பா போய் ரொம்ப வருஷமாச்சு. அம்மா எங்களோடுதான். விவசாய நிகழ்ச்சி எது வந்தாலும் உட்கார்ந்து பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "பழசையும் எப்பவாச்சும் போடுவாங்கல்லடா?"

"போடுவாங்கம்மா" என்றேன்.

அந்த நேரத்துக்குத் தினமும் தானாகப் பதிவாகிற மாதிரி வைத்திருக்கிறேன். இடம் நிறைந்தால் பழையதை அழித்துக்கொள்ளும் வசதியும் இதில் உண்டு. அதை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன்.