ஒட்டுப்பலகையிற் பிறந்த கணிதம்

இருக்கின்ற மரமும் இயந்திரமும் உழைப்பும் அளவுபட்டவை. அவற்றைக் கொண்டு எதனை எவ்வளவு செய்தால் மிகுந்த பயன் கிட்டும்? தச்சருக்கும் ஆலை நடத்துவோருக்கும் பழகிப்போன இக்கேள்விக்குக் கணிதம் முறையாக விடைகூறத் தலைப்பட்டது 1938 ஆம் ஆண்டின் பின்னரே. அவ்வாண்டு சோவியத்து நாட்டின் லெனின்கிராட் நகரில், ஒட்டுப்பலகைத் தொழில் நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தார், பலவகை மரங்களைப் பல இயந்திரங்களுக்கு எவ்வாறு பங்கிடுவதென அறியாது, லியோனித் கந்தரோவிச் என்னும் இருபத்தாறு வயதுப் பேராசிரியரை நாடினர்.

நேயர்கள் மனத்தில் ஒரு வரைபடத்தை எண்ணிக்கொள்வார்களாக. ஒரு பட்டறையில் மேசையும் கதிரையும் செய்கின்றனர் என்போம். மேசைக்குத் தச்சுவேலை 4 மணி, மெருகுவேலை 1 மணி. கதிரைக்கு ஒவ்வொன்றும் 2 மணி. வாரத்திற் கிடைப்பது தச்சுவேலை 80 மணி, மெருகுவேலை 50 மணி. விற்ற விலையில் மரம் முதலிய மாறுஞ்செலவு போக எஞ்சும் பங்களிப்பு மேசைக்கு 310 ரூபா, கதிரைக்கு 200 ரூபா. மேசையைக் கிடையச்சிலும் கதிரையை நிலையச்சிலும் குறித்து, ஒவ்வோர் எல்லைக்கும் ஒரு நேர்கோடு வரைந்தால், இரு கோடுகளுக்கும் உட்பட்ட நாற்கோணப் பரப்பினுள் இயலக்கூடிய திட்டங்கள் யாவும் அடங்கும். மிகுந்த பங்களிப்பு அப்பரப்பின் மூலையொன்றில் அமையும். மேசை மட்டுமெனில் 20. பங்களிப்பு 6200 ரூபா. கதிரை மட்டுமெனில் 25, 5000 ரூபா. கோடுகள் வெட்டும் மூலையில் 10 மேசையும் 20 கதிரையும், 7100 ரூபா. ஊதியம் மிகுந்தது மேசையே என்று அதனையே செய்துகொண்டிருப்பவர் வாரந்தோறும் 900 ரூபாவை இழக்கிறார்.

பொருள் இரண்டெனில் ஒரு தாள் போதும். மூன்றாயின் வரைதல் அரிது. எட்டாயின் இயலவே இயலாது. கந்தரோவிச், 'தீர்வுப் பெருக்கிகள்' எனும் எண்களைக் கொண்டு வழிகண்டு, 1939 இல் அதனைச் சிறுநூலாக வெளியிட்டார். அப்பெருக்கி கூறுவது யாது? மேற்கண்ட பட்டறையில் தச்சுவேலை ஒரு மணி மிகுந்தால் பங்களிப்பு 70 ரூபா உயரும். மெருகுவேலை ஒரு மணி மிகுந்தால் 30 ரூபாவே. அருமைப்பாட்டுக்கேற்ற விலை இது.

இங்கேதான் இடர் விளைந்தது. பொருளின் பெறுமதி அதிற் செலவான உழைப்பே என்பது அந்நாட்டு அரசின் கொள்கை. அருமையால் விலை வருமென்பது முதலாளித்துவப் பேச்சாகத் தோன்றிற்று. ஸ்டாலின் காலத்தில் அத்தகைய ஐயத்துக்கு ஆளாதல் உயிருக்கே ஊறு விளைக்கக்கூடியது. போர்க்காலத்தில் அவர் எழுதிய பொருளியல் நூல் 1959 இலேதான் அச்சேறியது. அரிய வளங்களை வீணாக்காதிருக்க வழிசொன்ன நூல், அவ்வழி மிகவும் வேண்டப்பட்ட நாட்டிலேயே இத்தனை ஆண்டு காத்துக்கிடந்தது!

இதனை அறியாமலே, அமெரிக்க விமானப்படையின் திட்டப் பணியில் ஈடுபட்டிருந்த ஜோர்ஜ் டான்சிக், 1947 இல் மூலைக்கு மூலை நகர்ந்து விடைதேடும் சிம்பிளெக்சு முறையை வகுத்தார். 77 உணவுவகைகள் கொண்ட கணக்கொன்றை அம்முறையால், கையால் இயக்கும் கணக்குப் பொறிகளைக் கொண்டு அன்று செய்துமுடிக்க 120 ஆள்நாட்கள் பிடித்தன.

1975 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கந்தரோவிச்சுக்கும், அமெரிக்காவில் வாழ்ந்த சாலிங் கூப்மன்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. டான்சிக்கின் பெயர் அதில் இடம்பெறவில்லை. அது முறையன்று என்று முதலில் வருந்தியோருள் பரிசுபெற்ற கூப்மன்சும் ஒருவர்.